மூன்றடி உடலுக்கு ஒரு பூங்கா

ஆரணியிலிருந்து சென்னைக்குச் சுமார் 140 கிலோமீட்டர். கோடை விடுமுறையில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் பூங்கா திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்தால் பூங்காக்களுக்குக் குறைவில்லை. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூந்தமல்லிக்கு அப்பால் குயின்ஸ்லாந்து, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா. ஆனால் பெரிய ராட்டினங்களின் வாசலில் ஒரு பலகை நிற்கிறது. அதில் போட்டிருக்கும் கோடு பல இடங்களில் 140 சென்டிமீட்டர். அது பத்து வயதைத் தாண்டிய பிள்ளையின் உயரம். நான்கு வயதுக் குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்து அண்ணன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, மூலையிலிருக்கும் இரண்டு மூன்று குட்டி ராட்டினங்களில் ஏறி இறங்கி, திரும்பும் வழியில் தூங்கிப்போகிறது.

சின்னக் குழந்தைகளையே மனத்தில் வைத்துக் கட்டும் பூங்கா புதிய யோசனை அல்ல. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1950இல் 'சில்ட்ரன்ஸ் ஃபேரிலேண்ட்' என்ற சிறிய பூங்கா திறந்தது. வால்ட் டிஸ்னி அதைப் போய்ப் பார்த்தார். 1955இல்தான் டிஸ்னிலேண்ட் வந்தது. பிரம்மாண்டத்துக்குப் பெயர்போன யுனிவர்சல் நிறுவனமே 2023 ஜனவரியில், டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கென்று அளவில் சிறிய பூங்கா ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தது. இந்த யோசனை நம் சிறு நகரங்களுக்கும் வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக ஆரணியையே வைத்துக்கொள்வோம். பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். ஒரு பக்கம் கமண்டல நாகநதி. ரயிலேற வேண்டுமென்றால் களம்பூரிலிருக்கும் ஆரணி ரோடு நிலையத்துக்குப் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊரில் மூன்றடி உயரப் பிள்ளைகளுக்கு ஒரு பூங்கா கட்டினால் அதன் அறிவியல் என்ன?

பெரிய ராட்டினத்தைப் பாதியாகச் சுருக்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, முகப்பில் கரடி பொம்மை வைத்தால் அது குழந்தைகள் ராட்டினம் ஆகிவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளாது.

கொலம்பஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழா மைதானத்திலும் பார்க்கலாம், பெரிய பூங்காவிலும் பார்க்கலாம். கப்பல் ஒரு பக்கம் மேலே போய், கீழே பாய்ந்து, மறுபக்கம் ஏறுகிறது. அடிமட்டத்தைக் கடக்கும் நொடியில் உடல் இருக்கையில் அழுந்துகிறதே, அந்த அழுத்தம் எவ்வளவு? எந்தக் கோணத்திலிருந்து கப்பல் இறங்கியது என்பது தெரிந்தால் போதும், கணக்குப் போட்டுவிடலாம். செங்குத்திலிருந்து 30 டிகிரி வரை ஏறி இறங்கினால் அடியில் நம் எடையைப் போல 1.27 மடங்கு. 60 டிகிரி என்றால் சரியாக 2 மடங்கு. 90 டிகிரி வரை போனால் 3 மடங்கு. இந்தக் கணக்கில் கப்பலின் நீளமோ, அது தொங்கும் கம்பியின் நீளமோ எங்குமே வருவதில்லை! 12 மீட்டர் கம்பியில் ஆடினாலும் 3 மீட்டர் கம்பியில் ஆடினாலும் 60 டிகிரிக்கு 2 மடங்குதான். உயரம் குறையும்போது வேகத்தின் வர்க்கம் குறைகிறது, உண்மை. ஆனால் வளைவின் ஆரமும் அதே விகிதத்தில் குறைவதால், ஒன்றின் பலனை மற்றொன்று அழித்துவிடுகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 12 மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 7 நொடி ஆகும். 3 மீட்டர் ஊசலுக்கு மூன்றரை நொடிதான். குட்டிக் கப்பலில் அதே இரண்டு மடங்கு அழுத்தம் பாதி நேரத்தில் வந்து, பாதி நேரத்தில் விலகி, மறுபடி வருகிறது. கழுத்துத் தசைகள் சுதாரித்து இறுகிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் பாதியாகிவிடுகிறது. சுருக்கிய ராட்டினம் உடலுக்குப் பெரியதைவிடக் கடுமையாக இருக்க முடியும் என்பதை, பூங்கா கட்ட நினைப்பவர் முதல் நாளே அறிந்திருக்க வேண்டும். குறைக்க வேண்டியது கோணத்தை. 25, 30 டிகிரிக்கு மேல் போகாதபடி மோட்டாரிலேயே வரம்பு வைத்துவிட்டால் கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரச்சினையில்லை.

கழுத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. உடம்பு அப்படி வளர்வதில்லை. மூன்று நான்கு வயதில் 15, 16 கிலோ உடலின் மேல், ஏறக்குறைய வளர்ந்த மனிதரின் தலை உட்கார்ந்திருக்கிறது. தாங்குகிற கழுத்துத் தசைகள் மெல்லியவை, இணைப்புத் தசைநார்கள் தளர்ந்தவை. கழுத்து மடங்கும் மையம்கூட வேறு இடத்தில் இருக்கிறது. பெரியவர்களுக்குக் கழுத்தின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகளில். சிறு குழந்தைகளுக்கு மண்டையோட்டை ஒட்டிய மேல்பகுதியில். திடீரென்று முன்னோக்கி உலுக்கினால் குழந்தையின் கழுத்து, பெரியவரின் கழுத்துப் போல நடந்துகொள்வதில்லை.

சுழலும் ராட்டினங்களில் கணக்கு இன்னும் வியப்பாக இருக்கும். நான்கு மீட்டர் ஆரமுள்ள குதிரை ராட்டினம் நிமிடத்துக்கு 5 சுற்றுப் போனால், ஓரத்துக் குதிரையில் இருக்கும் குழந்தையை வெளிப்பக்கம் தள்ளுவதாகத் தோன்றும் விசை அதன் எடையில் ஒன்பதில் ஒரு பங்குதான். 16 கிலோ குழந்தைக்கு 2 கிலோவுக்கும் குறைவு. கம்பியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே சமாளித்துவிடும். ஆபரேட்டர் உற்சாகத்தில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்காகி 7 கிலோவை எட்டுகிறது. அந்தச் சின்னக் கைகளுக்கு அது அதிகம். இனி 10 மீட்டர் ஆரமுள்ள ஜயண்ட் வீலைப் பாருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் கூடுதல் விசை எடையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மாறாக, நகராட்சிப் பூங்காவில் பிள்ளைகளே கையால் தள்ளிச் சுற்றும் சின்ன வட்டத்தட்டு இருக்கிறதே, ஒரு மீட்டர் ஆரம் உள்ளது, அதைப் பெரிய அண்ணன்மார் இரண்டு நொடிக்கு ஒரு சுற்று வேகத்தில் தள்ளினால் விளிம்பிலிருக்கும் குழந்தை தன் முழு எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். பார்வைக்கு மிரட்டுகிற ஜயண்ட் வீல் உடலுக்கு மென்மையானது. மோட்டாரே இல்லாத தட்டுதான் குழந்தையை எறிகிறது. ஜயண்ட் வீலில் கவலைப்பட வேண்டியது உயரத்தையும் காற்றையும். கூண்டு முழுக்க மூடியிருக்க வேண்டும். காற்று எழுந்தால் நிறுத்திவிட வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், கோடைமழைக்கு முன் கிளம்பும் புழுதிக்காற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

எவ்வளவு நேரம் சுற்றலாம் என்பதைக் காதைக் கேட்க வேண்டும். உள்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை சுழலத் தொடங்கும்போது குழாய் நகர்கிறது, திரவம் பின்தங்குகிறது. அந்த வித்தியாசம்தான் சுழற்சியாக மூளைக்குத் தெரிகிறது. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தால் சுமார் 20 நொடியில் திரவமும் குழாயின் வேகத்தைப் பிடித்துவிடும். சுற்றுகிற உணர்வே மங்கிப்போகும். நிறுத்தியதும் திரவம் மட்டும் தொடர்ந்து ஓடுவதால் உலகம் எதிர்த்திசையில் சுழல்கிறது. அதனால்தான் குழந்தை ராட்டினத்தில் இருக்கும்போது விழுவதைவிட, இறங்கி நாலடி வைக்கும்போது அதிகம் விழுகிறது. இறங்கும் படிக்கட்டைக் குறைந்த உயரத்தில், இருபுறமும் கைப்பிடியோடு அமைக்க வேண்டும். வெளியேறும் வழியில் ஒரு கல் திண்ணை வேண்டும். பயணக் குமட்டல் இரண்டு வயதுக்குள் அரிது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சம். 'தம்பிக்கு ஒண்ணுமில்ல, அக்காதான் வாந்தி எடுத்தா' என்று வேனில் அம்மாக்கள் சொல்வது சரியான அவதானிப்பு.

விசையைக் குறைத்துக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு என்ன மகிழ்ச்சி மிஞ்சும் என்று கேட்கலாம். இந்த இடத்தில்தான் அறிவியல் ஒரு பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

எடின்பரோவில் டேவிட் லீயும் எரிக் ஆரன்சனும் 1974இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுவர்களும் கூரையும் மட்டும் நகரக்கூடிய ஓர் அறை, தரை அசையாது. அப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தைகளை அதற்குள் நிற்க வைத்துச் சுவரைச் சற்றே நகர்த்தினார்கள். தரை அசையவில்லை, யாரும் தொடவில்லை. ஆனாலும் குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் பொத்தென்று உட்கார்ந்தே விட்டார்கள். கண் 'நீ சாய்கிறாய்' என்றது. உள்காதும் பாதமும் 'இல்லை' என்றன. குழந்தை கண்ணை நம்பியது. பெரியவர்களும் கண்ணை நம்புகிறோம், ஆனால் இந்த அளவுக்கு அல்ல. குழந்தைக்குப் பறக்கிற உணர்வைக் கொடுக்க உடலைத் தூக்கி வீசத் தேவையே இல்லை. கண்முன் இருப்பதை நகர்த்தினால் போதும்.

இதைப் பொருட்காட்சிக்காரர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 1894இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் 'பேய் ஊஞ்சல்' என்றொரு கூடம் இருந்தது. அறையின் நடுவே தொங்கும் பெரிய ஊஞ்சலில் மக்கள் உட்காருவார்கள். ஊஞ்சல் ஆடத் தொடங்கி, உயர்ந்து, கடைசியில் தலைகீழாக முழுச்சுற்றுச் சுற்றும். அல்லது அப்படித் தோன்றும். உண்மையில் ஊஞ்சல் ஏறக்குறைய அசைவதே இல்லை. மேசை, நாற்காலி, விளக்கெல்லாம் திருகி மாட்டிய அறைதான் அவர்களைச் சுற்றிச் சுழலும். ஒன்றும் நகரவில்லை என்று தெரிந்தே உட்கார்ந்தவர்களும் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1895இல் இதைப் பற்றி ஓர் உளவியல் இதழில் எழுதி வைத்தார்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இதன் மறுபாதியைத் திரையில் பார்த்திருக்கிறார்கள். நவோதயா அப்பச்சன் தயாரிப்பில் அவர் மகன் ஜிஜோ இயக்கி 1984இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அதில் குழந்தைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, அடுத்த சுவர் வழியாக இறங்கி வருவார்கள். கலை இயக்குநர் கே. சேகர் உருவாக்கிய அந்த அறை முழுதாகச் சுழலக்கூடியது. கேமரா அறையோடு சேர்ந்தே சுழன்றது. குழந்தைகளோ ஒவ்வொரு கணமும் எது கீழே இருந்ததோ அந்தப் பரப்பில் சாதாரணமாக நடந்தார்கள். அறையோடு கட்டிப்போட்ட கேமராவின் பார்வையில் அவர்கள் கூரையில் நடப்பதாகத் தெரிந்தது. அதே அப்பச்சன்தான் 1995இல் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா பூங்காவைத் திறந்தார். கண்ணை ஏமாற்றும் கலையில் கைதேர்ந்தவர் கேளிக்கைப் பூங்காவுக்கு வந்தது எனக்கு இயல்பான பாதையாகவே படுகிறது.

ஆரணிப் பூங்காவின் நடுநாயகமாக இப்படியொரு கூடத்தைத்தான் வைப்பேன். ஐந்தாறு மீட்டர் விட்டமுள்ள லேசான துணி உருளை, மேலிருந்து தொங்குவது. உட்புறம் பட்டுப் பாவின் நெடுங்கோடுகள், கோர்வைக் கரையின் தாழம்பூ ரேக்கு, மயில், சக்கரம், ருத்ராட்சம் எல்லாம் பெரிதாக வரைந்திருக்கட்டும். நடுவே தரையில் பாயோ தாழ்ந்த பெஞ்சோ. குழந்தைகள் அம்மா மடியிலேயே உட்கார்ந்திருக்கலாம். சிறிய மோட்டார் துணியை மெதுவாகச் சுழற்றும். சில நொடிகளில், அசையாத பெஞ்சு எதிர்த்திசையில் சுழலத் தொடங்கிவிட்டதென்று உடல் சத்தியம் செய்யும். நின்றபடி பார்க்கவிடக் கூடாது. லீ, ஆரன்சன் சோதனையின் குழந்தைகளைப் போல விழுந்துவிடுவார்கள். பாதுகாப்புப் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று: எல்லாம் பழுதானால் என்ன நடக்கும்? இரண்டு டன் கப்பல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கையில் அதன் ஆற்றலுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கூடத்தில் மோட்டார் நின்றால் துணி நிற்கும். துணி அறுந்தால் துணிதான் மேலே விழும்.

ஆரணித் தறியில் இன்னொரு புதையலும் இருக்கிறது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் துளையிட்ட அட்டைகள், ஓட்டை இருந்தால் இழை தூக்கு, இல்லாவிட்டால் விடு என்று சொல்கின்றன. 1804இல் ஜக்கார்டு இதைப் பிரான்சில் வடிவமைத்தார். சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு இதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். பெரிய மர அட்டையில் குழந்தையே முளைகளைச் செருகி, கைப்பிடியை அழுத்தினால் எதிரே தடித்த வண்ணக் கயிறுகள் எழுந்து அது வரைந்த கோலம் தோன்றுமாறு செய்யலாம். எத்தனையோ வீடுகளில் அப்பாவின் காலடியில் நடப்பதைப் பிள்ளை தன் கையால் செய்து பார்க்கும்.

உயரப் பலகைக்கு மறுபடி வருகிறேன். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், சிறுவர்களின் நடுத்தர உயரம் 3 வயதில் 96 சென்டிமீட்டர், 4 வயதில் 103, 5 வயதில் 110. வெளிநாட்டு ராட்டினத் தயாரிப்பாளர்கள் வைக்கும் '105 செ.மீ.' கோடு, நன்கு வளர்ந்த நாலரை வயதுப் பிள்ளையை நினைத்துப் போட்டது போல இருக்கிறது. நம் நிலை என்ன? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அந்த வரையறைப்படி ஐந்து வயது முடிந்த பையன் 100.7 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பான். நண்பன் ஏறுகிற ராட்டினத்தில் அவன் ஏற முடியாது. கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கீழே இறக்குவதும் தப்பு. அந்தக் கோடு, தொடையைப் பிடிக்கும் கம்பியின் அளவை வைத்துப் போட்டது. செய்ய வேண்டியது, பெரும்பாலான ராட்டினங்களை 85, 90 சென்டிமீட்டர் உடலுக்கே பொருந்தும்படி இருக்கையிலிருந்து வடிவமைத்து வாங்குவது. ஏற்கெனவே வயதுக்குக் குறைவாக வளர்ந்த குழந்தையை வாசலில் நிறுத்தி அளந்து திருப்பி அனுப்புகிற பூங்கா எனக்கு வேண்டாம்.

இருக்கையைப் பற்றி இன்னொன்று. அப்பாவும் குழந்தையும் சேர்ந்து உட்காரும் பெட்டியில் குறுக்கே ஒரே கம்பி இருந்தால், அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பக்கத்திலிருக்கும் குழந்தையின் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே அரை முழம் காலியாக இருக்கும். பெட்டி குலுங்கினால் குழந்தை அந்த வழியாக நழுவிவிடும். ஆளுக்கொரு கம்பி, குழந்தைக்குக் கால்களுக்கு இடையே வரும் வார் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வேலியிலும் இப்படியொரு அளவுக் கணக்கு உண்டு. விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரம், 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்துகளை ஆபத்தாகப் பார்க்கிறது. முதலாவதைவிடக் குறுகலானால் உடலே நுழையாது. இரண்டாவதைவிட அகலமானால் தலையும் வெளியே வந்துவிடும். நடுவில் இருந்தால் கால் முதலாக உடல் நுழைந்து, தலை மட்டும் சிக்கித் தொங்கும். வெல்டிங் பட்டறையில் 'நாலு விரல் இடைவெளி, அஞ்சு விரல் இடைவெளி' என்று கண்ணளவில் அடிக்கிற கிராதிகள் பல இந்த ஆபத்தான அளவில்தான் விழுகின்றன.

வெயிலைப் பேசாமல் வட ஆற்காட்டில் எதையும் கட்ட முடியாது. மே மாதத்தில் இந்தப் பக்கம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைவிட, அதாவது சுமார் 35 டிகிரியைவிட, அதிகமானால் உடல் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுப்பதை நிறுத்தி வாங்கத் தொடங்குகிறது. எவ்வளவு வாங்கும் என்பதைத் தோலின் பரப்பு தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் உயரம், 16 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்குள்ள தோல்பரப்பு, 65 கிலோ அப்பாவுக்கு இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். வியர்வையும் குழந்தைக்குக் குறைவாகச் சுரக்கிறது. அப்பாவுக்கு 'கொஞ்சம் அனலா இருக்கு' என்கிற வரிசையில் குழந்தை வாடிவிடும். வெயிலில் நிற்கும் தகரச் சறுக்குமரம் 60 டிகிரியை எளிதில் கடக்கும். அந்த வெப்பத்தில் சில நொடி தொட்டாலே தோல் வெந்துவிடும், குழந்தைத் தோல் இன்னும் விரைவாக. மரநிழல்தான் முதல் சாதனம். ராட்டினம் வாங்குவதற்கு மூன்று வருடம் முன்பே புங்கையும் வேம்பும் நட்டுவிட வேண்டும். தகரக் கொட்டகை நேர் வெயிலை மறைக்கும், ஆனால் தானே சூடாகிக் கீழே வெப்பத்தை வீசும். கடலோரச் சென்னையைவிட ஆரணிக்கு ஒரு சாதகம் உண்டு: கோடை நண்பகலில் உள்நாட்டுக் காற்று வறண்டிருக்கும். நீர்த்திவலையைத் தூவினால் வேகமாக ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். இருந்தும் கோடையில் மாலை நான்கு மணிக்குமேல் திறந்து ஒன்பது மணிவரை நடத்துவதே புத்திசாலித்தனம். பட்டுத்தறி ஊர்களில் அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுப்பது பழைய வழக்கம். ஞாயிற்றுக்கிழமையைப் போலவே அந்த நாளின் மாலையும் பூங்காவுக்கு முக்கியமானதாக இருக்கும்.

தண்ணீர் விளையாட்டு வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் தேங்கிய தண்ணீர் வேண்டாம். கணுக்கால் ஆழத்திலேயே குழந்தை மூழ்கி இறக்க முடியும், சத்தமே இல்லாமல். தரையிலிருந்து பீச்சியடித்து உடனே வடிந்துவிடும் ஊற்றுகள் போதும். அங்கும் இரண்டு எதிரிகள் உண்டு. தண்ணீரின் அளவு குறைவு, குழந்தைகள் அதிகம். அதனால் குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகும். நீச்சல்குளத்தில் மூக்கைத் துளைக்கிற நெடியைக் குளோரின் அதிகமென்று நினைக்கிறோம். உண்மையில் அது குளோரின் சிறுநீரோடும் வியர்வையோடும் கலந்து உருவாகும் குளோரமைனின் நெடி. கண் சிவப்பதும் அதனால்தான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, வழக்கமான குளோரின் அளவில் ஒரு வாரத்துக்குமேல் உயிரோடு இருக்கும். அதற்குப் புற ஊதா ஒளியில் தண்ணீரைக் காட்டும் கருவி தேவை. இரண்டாவது எதிரி வடிகால். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே ஓட்டையில் பம்பு நேராக உறிஞ்சுகிறது, ஒரு குழந்தை அதன்மேல் உட்கார்ந்து அடைத்துவிட்டது என்று வையுங்கள். அழுத்த வேறுபாடு வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால்கூடக் குழந்தையை இழுத்துப் பிடிக்கும் விசை 100 கிலோ எடைக்குச் சமம். எந்த அம்மாவாலும் தூக்க முடியாது. இப்படிப்பட்ட மரணங்களுக்குப் பிறகு அமெரிக்கா 2007இல் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டு வடிகால்களைத் தள்ளித்தள்ளி அமைத்து, மேலே குவிந்த சல்லடை மூடி போட்டால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று உறிஞ்சிக்கொள்ளும்; பிடி விழாது.

விழுவதைத் தடுக்க முடியாது. விழும் இடத்தை மாற்றலாம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை சிமென்ட் தரையில் சில மில்லிமீட்டரில் நிற்கிறது. மணலில் பத்து சென்டிமீட்டர் புதைந்து நின்றால் சராசரி அதிர்ச்சி புவியீர்ப்பின் 15 மடங்கோடு போகும். சிமென்டில் அது நூற்றுக்கணக்கில் எகிறும். உருண்டையான ஆற்றுமணல் நன்றாக விலகிக்கொடுக்கும். கூர்மையான எம்-சாண்ட் கெட்டிப்பட்டுவிடும். ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்ட காலத்தில், மரச்சீவலை ஒரு அடி கனத்துக்குக் கொட்டி வாரம் ஒருமுறை கிளறிவிடுவது நல்ல மாற்று.

இனி வரிசை. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு தேற்றம் இருக்கிறது: வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம். 24 குதிரைகள் உள்ள ராட்டினம் 2 நிமிடம் சுற்றுகிறது. ஏறி இறங்க 2 நிமிடம் என்றால் மணிக்கு 360 பேர். ஆனால் மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கி உட்கார வைத்து, வாரை மாட்டி, இழுத்துப் பார்க்க 20 நொடி ஆகும். இரண்டே ஊழியர்கள் 24 குழந்தைகளுக்கு இதைச் செய்ய 4 நிமிடம். இப்போது மணிக்கு 240 பேர்தான். 80 பேர் நின்றால் 20 நிமிடக் காத்திருப்பு. வாரை இழுத்துப் பார்க்கிற 20 நொடியை மிச்சம் பிடிக்கத்தான் கூட்ட நாளில் கை துடிக்கும். அதற்குப் பதில் இன்னும் இரண்டு ஊழியர்களைப் போட்டால் ஏற்றும் நேரம் பாதியாகி 360 திரும்பக் கிடைத்துவிடும். அதே வசதிக்கு இன்னொரு ராட்டினம் வாங்குவதைவிட இது மிக மலிவு, உள்ளூரில் நான்கு பேருக்கு வேலையும் ஆயிற்று.

கடைசியாக இரும்பு. குட்டிக் கப்பல் மூன்றரை நொடிக்கு ஒருமுறை போய்வருகிறது. அதன் தொங்கு கம்பியும் முளையும் ஒவ்வொரு முறை அடிமட்டத்தைக் கடக்கும்போதும், அதாவது 1.75 நொடிக்கு ஒருமுறை, இழுபட்டுத் தளர்கின்றன. ஒரு மணியில் அரைமணி நேரம் ஓடினால் ஆயிரம் முறை. நாளுக்கு ஐந்து மணி, வருடத்துக்கு 300 நாள் என்றால் 15 லட்சம் முறை. ஒரே தடவையில் தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமையும், லட்சக்கணக்கான முறை வந்துபோனால் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசலைத் தொடங்கிவிடும். மேலே பெயின்ட் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சென்னையை ஒட்டிய பூங்கா ஒன்றில் 2016 மே மாதம் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். கேளிக்கை ராட்டினங்களுக்கென்றே இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 15475 தரம் இருக்கிறது. தரத்தைப் படித்துப் பார்த்துப் பொருத்துவதோடு முடிவதில்லை, விரிசலைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தேடுகிற முறை ஆரணிக்காரர்களுக்குப் புரியாததல்ல. பெயின்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பின்மேல் சிவப்புச் சாயத் திரவத்தைப் பூசிப் பத்து நிமிடம் விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் சாயம் தானாக ஏறிக்கொள்ளும். பட்டுநூல் கழியைச் சாயத்தொட்டியில் முக்கும்போது இழைகளின் நடுவே சாயம் ஏறுவதற்கும் இதே நுண்புழைக் கவர்ச்சிதான் காரணம். பிறகு மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியைத் தூவுவார்கள். விரிசலில் ஒளிந்திருந்த சாயத்தைப் பொடி உறிஞ்சி இழுக்கும். வெள்ளையில் ஒரு சிவப்புக் கோடு எழும். கோடு தெரிந்தால் அந்த ராட்டினம் அன்று ஓடக்கூடாது, முளையை மாற்றும்வரை ஓடக்கூடாது. சாயமும் பொடியும் பெரிய செலவு இல்லை. மூடி வைக்கும் நாளின் டிக்கெட் வருமானம்தான் கை நழுவிப் போகும். அதைத் திட்டச் செலவிலேயே முன்கூட்டி எழுதிவைத்து, மாதத்துக்கு ஒரு நாள் என்று தேதி குறித்து, அந்தத் தேதியையும் சோதித்தவரின் கையெழுத்தையும் உயரப் பலகைக்குப் பக்கத்திலேயே பெற்றோர் படிக்கும்படி மாட்ட வேண்டும்.